காசு வால்வுக்கு, தூசி குமிழுக்கு

லண்டன் அபே ரோடு இஎம்ஐ ஸ்டூடியோவில், பீட்டில்ஸ் குழுவின் தொடக்க ஆண்டுகளில், ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் பல பாடல்களை ஒரே மைக்கில்தான் பாடினார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு அல்ல. மைக்கை நடுவில் நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், முகத்துக்கு முகம் பார்த்து. அந்த மைக் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் செய்த யு 48. எட்டு என்ற எண்ணைப் போன்ற வடிவத்தில் அது கேட்கும்: முன்னாலும் பின்னாலும் சமமாக, பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல். அன்றைக்கு அங்கே புழக்கத்தில் இருந்த டேப் இயந்திரத்தில் இரண்டே டிராக். யார் குரலைக் கூட்டுவது, யார் குரலைக் குறைப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை. ஒருவர் தூக்கலாகக் கேட்டால் அவர் அரை அடி பின்னால் போக வேண்டும். மிக்சிங் வேலையில் பாதியைப் பாடகர்களின் கால்களே பார்த்துக்கொண்டன.

இன்றைக்கு அதே குலத்தைச் சேர்ந்த மைக், உள்ளே வால்வும் கூடவே வடிவம் மாற்றும் குமிழுமாக, மாடி அறையில் ஸ்டூடியோ போட்டிருப்பவரும் எட்டிப்பிடிக்கும் விலையில் கிடைக்கிறது. விளம்பரப் படத்தில் வலைக்கூட்டுக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சம் மினுங்கும். வாங்க வருகிறவரின் விசாரணையும் அந்த வெளிச்சத்தைச் சுற்றியே நடக்கும். எந்த வால்வு, ரஷ்யாவா செக்கா, பழைய சரக்கு வாங்கிப் போட்டால் குரல் இன்னும் ‘வார்ம்’ ஆகுமா? குமிழைப் பற்றிக் கேட்பவர் அரிது. மைக் வீட்டுக்கு வந்து ஸ்டாண்டில் ஏறிய நாளில் குமிழ் எந்த நிலையில் இருந்ததோ, ஐந்தாறு வருடம் கழித்தும் அதே நிலையில் இருக்கும். பெரும்பாலும் கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் மட்டும் கேட்கும் இதய வடிவம்.

இது கைப்பொருளை வீணாக்கும் வேலை. பல வடிவ வால்வு மைக் ஒன்றுக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு உண்மையில் கைக்கு வரும் சரக்கு அந்தக் குமிழ்தான். வால்வு வந்த கதை வேறு.

கண்டென்சர் மைக்கின் உயிர் அதன் காப்ஸ்யூலில் இருக்கிறது. தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று. அதை ஒட்டினாற்போல, துளைகள் போட்ட உலோகத் தட்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம். குரல் பட்டுச் சவ்வு அதிர, இடைவெளி கூடிக் குறைய, அந்த ஏற்ற இறக்கமே மின்குறிப்பாக வெளியேறுகிறது. இதில் ஒரு சவ்வுக்குப் பதில் தட்டின் இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் பெர்லின் வானொலியில் வேலை பார்த்த ஹான்ஸ் யோவாகிம் ஃபான் பிரவுன்மியூலும் வால்டர் வெபரும். 1935-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய பெரிய சவ்வு மைக்குகளின் வம்சம் தொடங்குகிறது. (இதே வெபர்தான் 1940-இல் காந்த நாடாவில் உயர் அதிர்வெண் மின்சாரம் கலந்து பதியும் முறையைக் கண்டு, டேப் ரெக்கார்டரின் கரகரப்பை ஒழித்தவர். ஒலிப்பதிவுக் கலையின் இரண்டு தூண்களில் ஒரே ஆளின் கைரேகை இருக்கிறது. பெயரை அறிந்தவர் சொற்பம்.)

இரண்டு சவ்வும் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு கார்டியாய்டு மைக்குகளாக நடந்துகொள்கின்றன. பின் சவ்வுக்கு மின்னழுத்தமே தராமல் விட்டால் முன் சவ்வு மட்டும் பேசும், அது கார்டியாய்டு. முன்னுக்குத் தந்த அதே அழுத்தத்தைப் பின்னுக்கும் தந்தால் இரண்டும் கூடி எல்லாத் திசையிலும் சமமாகக் கேட்கும், அது ஆம்னி. அழுத்தத்தை எதிர்க்குறியாக்கிப் பின்னுக்குத் தந்தால் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, பக்கவாட்டு ஒலி அடிபட்டுப் போய், எட்டு வடிவம் மிஞ்சும். நடுவில் உள்ள அழுத்தங்களுக்கு நடுவில் உள்ள வடிவங்கள். குமிழ் செய்வது இவ்வளவுதான், ஒரு சவ்வின் மின்னழுத்தத்தை மாற்றுவது. ஆனால் அதைத் திருப்பும்போது கைக்கு வருவது வேறொரு மைக்.

1949-இல் வெளிவந்த நியூமன் யு 47-இல் கார்டியாய்டு, ஆம்னி என இரண்டு நிலைகள் இருந்தன. ஆம்னிக்குப் பதில் எட்டு வேண்டும் என்றவர்களுக்கு யு 48. அதே நிறுவனத்தின் எம் 49-இல் மைக்கைத் தொடவே வேண்டாம். மின்பெட்டியில் இருந்தபடியே வடிவத்தை மாற்றலாம். வியன்னாவின் ஏகேஜி 1953-இல் கொண்டுவந்த சி 12-க்குத் தனியாக ஒரு சிறு பெட்டி, அதில் ஒன்பது நிலைகள். 1960-இல் வந்த யு 67-இல் மைக்கின் உடம்பிலேயே மூன்று நிலைகள். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் செய்த கே 2-இல் நிலை என்ற கணக்கே கிடையாது; குமிழை எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு வடிவம்.

மைக்குக்கு வெளியே உள்ள பெட்டியில் குமிழ் இருப்பதன் அருமை, உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பாடகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, அதே வரியைக் கேட்டு முடிவெடுக்கலாம். திருப்பும்போது ஸ்பீக்கரின் ஒலியை அடக்கிவிட வேண்டும், பாடகரின் ஹெட்போனையும் சேர்த்து. அழுத்தம் மாறும் அந்த நொடியில் ‘டொப்’பென்று எழும் சத்தம் காதையும் ஸ்பீக்கரையும் பதம் பார்க்கும். மாறிய அழுத்தம் நிலைகொள்ளச் சில விநாடிகள் பொறுக்கவும் வேண்டும்.

இனி வால்வுக்கு வருவோம். காப்ஸ்யூலில் பிறக்கும் மின்குறிப்பு மிக மெலிந்தது. நீளமான கேபிளில் ஏற்றி அனுப்பினால் வழியிலேயே தேய்ந்து இரைச்சலில் கரைந்துவிடும். அதனால் காப்ஸ்யூலுக்கு அரைச் சாண் தூரத்திலேயே, அந்தக் குறிப்பைத் தாங்கிப் பிடித்துக் கேபிளில் ஏற்றிவிட ஒன்று தேவை. டிரான்சிஸ்டர் வராத காலத்தில் அந்த வேலைக்கு வால்வைத் தவிர ஆளில்லை. ருசி பார்த்து யாரும் வால்வைத் தேர்ந்தெடுக்கவில்லை. யு 47-இல் இருந்த விஎஃப் 14, டெலிஃபங்கன் நிறுவனம் ரேடியோப் பெட்டிகளுக்காகச் செய்த வால்வு. 1950-களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. கையிருப்பு இருந்தவரை ஓட்டிய யு 47, 1965-இல் நின்றது. இன்றைக்கு அந்த ஒரு வால்வையே ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியூமன் நிறுவனமோ அந்தக் காலத்திலேயே, விஎஃப் 14 தீர்ந்துபோனவர்களுக்குப் பொருத்திக்கொள்ள நுவிஸ்டர் என்ற மாற்றுப் பாகத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. செய்தவருக்கு இல்லாத பக்தி வாங்குபவருக்கு.

டிரான்சிஸ்டர் வந்ததும் ஸ்டூடியோக்கள் வால்வைக் கைகழுவின. 1966-இல் நார்வே வானொலி நிலையத்துக்காக நியூமன் செய்த மைக்குகளில்தான் 48 வோல்ட் பேன்டம் மின்சாரம் பிறந்தது. அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் இணைப்பு ஏற்கெனவே இருந்தது என்பதுதான் அந்த எண்ணுக்குக் காரணம். இன்றைக்கு உலகத்தில் உள்ள பெரும்பாலான மிக்சர்களும் அந்த விளக்குக் கணக்கைத்தான் சுமந்துகொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு யு 87 வந்தது. யு 67-இன் வழிவந்த காப்ஸ்யூல், அதே மூன்று வடிவங்கள், வால்வு மட்டும் இல்லை. ஸ்டூடியோ மைக் என்றதும் இன்றைக்கும் மனக்கண்ணில் நிற்பது அந்த யு 87 தான். வால்வு போனதால் பாட்டு கெட்டுவிட்டது என்று அடுத்து வந்த தலைமுறை ஒன்றும் ஒப்பாரி வைக்கவில்லை.

வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசமே இல்லை என்பதல்ல வாதம். இருக்கிறது. உரத்த குரலில் ஓங்கிப் பாடும்போது வால்வு சற்று உருண்டு கொடுக்கும்; அந்த உருட்டல் காதுக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் சாதாரணமாகப் பாடும் அளவில் அது சேர்க்கும் திரிபு மிகவும் சொற்பம். வால்வின் கணக்கில் எழுதப்படும் இதத்தில் பெரும்பங்கு காப்ஸ்யூலுக்கும், வெளியேறும் வழியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கும், வலைக்கூட்டின் அமைப்புக்கும் சேர வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடகர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பதற்கு.

இரைச்சல் கணக்கில் வால்வுக்குத் தோல்விதான். ரோட் என்டி 1 என்ற, விலை குறைந்த, வால்வு இல்லாத, ஒரே வடிவ மைக்கின் சுய இரைச்சல் 4.5 டெசிபல். நியூமன் டிஎல்எம் 103-க்கு 7. யு 87-இன் இன்றைய பதிப்புக்கு வடிவத்தைப் பொறுத்து 12 முதல் 15. பழைய வால்வு மைக்குகள் அதற்கும் மேலே. மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடும் ஒருவரைப் பதிவு செய்ய வால்வைத் தேடிப் போகிறவர், சீறலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

1982-இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்தவர் புரூஸ் ஸ்வீடியன். அபூர்வமான மைக்குகள் அத்தனையும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அந்தத் தொகுப்பில் ஜாக்சனின் குரலுக்கு அவர் பெரிதும் நம்பியது ஷூர் எஸ்எம் 7. கண்டென்சரே அல்ல, டைனமிக். வானொலி அறிவிப்பாளர் முன்னால் இருக்க வேண்டிய சாதனம். அந்தத் தொண்டைக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான்.

மலிவான பல வடிவ மைக்குகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் காப்ஸ்யூல், யு 67-இல் இருந்த கே 67 காப்ஸ்யூலின் நகல். அந்தக் காப்ஸ்யூல் உச்ச ஒலிகளை வேண்டுமென்றே தூக்கித் தரும்படி அமைக்கப்பட்டது. தூக்கித் தந்ததை மைக்கின் உள்சுற்று மறுபடி இறக்கிவிடும்; இறக்கும்போது உச்சியில் உள்ள இரைச்சலும் சேர்ந்து இறங்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நகலெடுத்தவர்களில் பலர் காப்ஸ்யூலை மட்டும் எடுத்துக்கொண்டு, இறக்கும் சுற்றை விட்டுவிட்டார்கள். விளைவு: ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் ஊசியாகக் குத்தும் மைக். வாங்கியவர் வால்வில் குறை என்று நினைத்து விலையுயர்ந்த வால்வாகத் தேடி மாற்றுவார். குத்தல் அங்கேயே நிற்கும். கடையில் சோதித்துப் பார்க்கும்போது ‘ச’வும் ‘ஸ’வும் மிகுந்த சொற்களைப் பாடச் சொல்லிக் கேட்பது, வால்வின் பிறந்த ஊரை விசாரிப்பதைவிடப் பயனுள்ளது.

குமிழுக்குத் திரும்பினால், அதில் ஆம்னி என்ற நிலைதான் அதிகம் புறக்கணிக்கப்படுவது. எல்லாத் திசையிலும் கேட்கும் மைக்கை எதிரொலிக்கிற சிறு அறையில் வைப்பானேன் என்பது நியாயமான பயம். ஆனால் கார்டியாய்டில் மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் ஒலி வீங்கும். நான்கு விரற்கடை தூரத்தில் பாடினால் மெல்லிய குரலும் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். தலையைச் சற்று ஆட்டினாலும் குரலின் நிறம் மாறும். ஆம்னியில் இந்த வீக்கம் ஏறக்குறைய இல்லை. ‘ப’ ஊதித் தள்ளும் காற்றின் முட்டலும் பெருமளவு குறையும். ஆகவே பாடகர் துணிந்து நெருங்கலாம். அறை ஒலிக்கும் நேர் ஒலிக்கும் உள்ள விகிதத்தில், ஆம்னியின் 6 அங்குலம் கார்டியாய்டின் 10 அங்குலத்துக்குச் சமம். ஒலியியல் தரும் பெருக்கல் எண் 1.7. பத்து அங்குலத்தில் கார்டியாய்டில் கேட்கும் அளவுக்குத்தான் ஆறு அங்குலத்து ஆம்னியிலும் அறை கேட்கும். குரலோ இயல்பாக, மூச்சு விட இடம் கிடைத்தாற்போல் இருக்கும். தலையை ஆட்டி, கை அசைத்து, ராகத்தோடு உடம்பும் வளைந்து பாடுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான நிலை இல்லை.

எட்டு நிலையின் பலம் அது கேட்பதில் மட்டும் இல்லை, கேட்க மறுப்பதிலும் இருக்கிறது. கார்டியாய்டு பக்கவாட்டு ஒலியை 6 டெசிபல் மட்டுமே குறைக்கும். எட்டு வடிவமோ சரியாகப் பக்கவாட்டில் அறவே காதை மூடிக்கொள்ளும். கர்நாடக இசைக் கச்சேரியின் உட்காரும் முறையை இதோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நடுவில் பாடகர். அவருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். இருவரும் பாடகருக்குச் சற்று முன்தள்ளி, ஒருவரை ஒருவர் பார்த்தாற்போல். பாடகரின் வாய்க்கு எதிரே ஓரடியில் மைக் வைத்தால், அந்த மைக்குக்கு வயலினும் மிருதங்கமும் ஏறக்குறைய நேர்ப் பக்கவாட்டில் வந்துவிடுகின்றன. எட்டு வடிவத்தின் இரண்டு செவிட்டுப் பக்கங்களும் அவ்விருவர் மேலேயே விழுகின்றன. தாளமும் தந்தியும் குரல் டிராக்கில் கசிவது கணிசமாகக் குறையும். மூவரும் தனித்தனி அறையில் கண்ணாடிக்குள் அடைபடாமல், முகம் பார்த்து, கண் ஜாடை காட்டி வாசிக்கலாம். மனோதர்ம இசைக்கு அந்த ஜாடைதானே பாதி உயிர். மைக்கின் பின்பக்கமும் கேட்கும் என்பதால் எதிர்ச் சுவரில் கனத்த திரையோ மெத்தையோ வேண்டும். ஸ்பீக்கர் ஓடும் சபா மேடைக்கு இந்த ஏற்பாடு ஆகாது, ஸ்டூடியோவுக்கு மட்டும்.

வீணை வாசித்துக்கொண்டே பாடுகிறவரையும் இப்படியே பதியலாம். மைக்கைச் சாய்த்து, அதன் செவிட்டுப் பக்கம் வீணையைப் பார்க்கும்படி வைத்தால் குரல் தனியாக நிற்கும். கிதார் வாசித்துப் பாடுகிறவர்களை மேல்நாட்டு ஸ்டூடியோக்களில் பதிவு செய்யும் வழக்கமான முறை இது. இரண்டு எட்டு வடிவ மைக்குகளைத் தொண்ணூறு பாகையில் குறுக்காக நிறுத்தினால், இஎம்ஐயின் ஆலன் பிளம்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறை கைக்கு வரும். நாகஸ்வரம் போன்ற உரத்த வாத்தியத்துக்கு ஒலியைக் குறைக்கும் ‘பேட்’ சுவிட்சைப் போட்டு, கிட்டத்தட்ட ஆறடி தள்ளி, நல்ல அறையாக இருந்தால் ஆம்னி.

நல்ல அறை என்ற அந்த நிபந்தனையில்தான் பல வீட்டு ஸ்டூடியோக்கள் சறுக்குகின்றன. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிவிட்டு ஒலிப்பதிவு அறை என்று பெயர்ப் பலகை மாட்டுவது இன்னும் ஒழியவில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பதினோரு அடிக்கு மேல். இரண்டு அங்குல அட்டை அதை என்ன செய்துவிடும்? உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் விழுங்கிவிட்டு, கீழ் ஒலியின் முழக்கத்தை அப்படியே விட்டுவைக்கும். அறை முன்பைவிட மோசமாகும். வால்வு மைக்குக்கும் சாதாரண மைக்குக்கும் உள்ள விலை வித்தியாசத்தில், கல்கம்பளி அடைத்த கனமான பலகைகள் பத்துப் பன்னிரண்டு செய்துவிடலாம். குமிழின் ஆம்னியும் எட்டும் அதற்குப் பிறகுதான் உயிர் பெறும்.

அறையைப் பகையாக நினைக்காதவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு 1977-இல் பெர்லின் சுவருக்கு அருகே, ஹன்சா ஸ்டூடியோவில் டேவிட் போவி பாடிய ‘ஹீரோஸ்’ சாட்சி. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக்குகளை ஒரே வரிசையில் வைத்தார். ஒன்று வாயிலிருந்து 9 அங்குலத்தில், அடுத்தது 20 அடியில், கடைசி 50 அடியில். தூரத்து இரண்டும் பூட்டிக் கிடக்கும். போவி குரலை உயர்த்தும்போது மட்டும் ஒன்று திறக்கும், அலறினால் மற்றதும் திறக்கும். தொடக்கத்தில் காதோரம் முணுமுணுக்கும் குரல், முடிவில் பெரிய மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வருவதுபோல் ஒலிப்பதன் ரகசியம் இதுதான். அங்கே பாடியது கூடத்தின் தூரமும் சேர்ந்து.

இதற்கெல்லாம் இன்றைய சினிமா ஸ்டூடியோவில் ஒரு வலுவான பதில் உண்டு. டூயட் பாடுகிற இருவரும் ஒரே அறையில் சந்திப்பதே அரிதாகிவிட்டது; ஒருவர் சென்னையில், மற்றவர் மும்பையில். ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பதிந்து, சுருதியைத் திருத்தி, ஒட்டவைக்கும் முறையில் ஒரு டிராக்கில் இன்னொருவர் குரல் கசிந்தால் தொல்லை. அப்படியிருக்க எட்டு எதற்கு, ஆம்னி எதற்கு? நியாயம்தான். அந்த முறையில் மட்டும் வேலை செய்கிறவருக்குப் பல வடிவ மைக்கே தேவையில்லை, வால்வும் தேவையில்லை. நல்ல கார்டியாய்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை அறைக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். பல வடிவ மைக் யாருக்கென்றால், ஒரே ஒரு நல்ல மைக்குக்குத்தான் வசதி இருக்கிறது, அதில் காலையில் பின்னணிக் குரல், மதியம் வீணை, மாலையில் நால்வர் சேர்ந்து பாடும் தேவாரம் என்று எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்ற நிலையில் உள்ள சிறு ஸ்டூடியோவுக்கு. நால்வரும் ஆம்னியைச் சுற்றி வட்டமாக நின்று பாடினால் கிடைக்கும் ஒட்டுதலை, தனித்தனியே பதிந்து ஒட்டிக் கொண்டுவர முடியாது.

வால்வோடு வாழ்வதற்குச் சில சடங்குகள் உண்டு. மிக்சரின் பேன்டம் மின்சாரம் இதற்குப் போதாது. அது தரக்கூடியது 10 மில்லிஆம்பியர். 12ஏஎக்ஸ்7 என்ற சாதாரண வால்வின் சூடேற்றும் இழைக்கு மட்டுமே 150 மில்லிஆம்பியர் வேண்டும். அதனால் தனி மின்பெட்டி, பல ஊசிகள் கொண்ட தனி கேபிள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்த மைக் என்றால், பெட்டியின் பின்னால் உள்ள மின்னழுத்தச் சுவிட்ச் 230-இல் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகக்கூடாது. பெட்டி உயிரோடு இருக்கும்போது கேபிளைப் பிடுங்கவும் கூடாது. அரை மணி நேரம் சூடேற விட்ட பிறகே முதல் டேக். மாற்று வால்வு எளிதில் கிடைக்கும் மைக்காகப் பார்த்து வாங்குவது நல்லது. 12ஏஎக்ஸ்7, 6922, இஎஃப் 86 ஆகியவை கிடைக்கின்றன. எம் 49-இல் இருந்த ஏசி 701 உற்பத்தி நின்று வெகுகாலம் ஆயிற்று.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த மைக்கை வெளியே எடுத்துவந்தால், கண்ணாடி டம்ளரில் வேர்ப்பதுபோல் காப்ஸ்யூலிலும் ஈரம் படியும். ஈரம் படிந்த காப்ஸ்யூல் படபடவென்று பொரியும். பலர் அதையும் வால்வின் தலையில் கட்டுவார்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிவைத்தாலே பாதித் தொல்லை போய்விடும். பாடும்போது முன்னால் பாப் ஃபில்டர் இருக்கட்டும். மின்னேறிய சவ்வு தூசியையும் எச்சில் துளியையும் இழுத்துவைத்துக்கொள்ளும், படிந்ததை வீட்டில் துடைக்க முயன்றால் காப்ஸ்யூலே போய்விடும்.

1960-இல் வந்த யு 67-ஐ 2018-இல் நியூமன் மறுபடி செய்து ஏறக்குறைய 7,000 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அசல் யு 47 ஒன்று கைமாறும் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டும். ஆகவே நம்மூரில் பலரும் நாடுவது பழைய சந்தையைத்தான். அங்கே விற்பவர் கார்டியாய்டில் ஒரு பாட்டுப் பாடிக் காட்டி மைக் நன்றாக இருக்கிறது என்பார். வாங்குபவர் குமிழைத் தானே திருப்ப வேண்டும். எட்டில் வைத்து, பேசிக்கொண்டே மைக்கைச் சுற்றி நடக்க வேண்டும். பக்கவாட்டில் குரல் தேய வேண்டும். பின்னால் போனதும் முன்னால் கேட்ட அதே அளவுக்கு, அதே நிறத்தில் திரும்பி வர வேண்டும். ஆம்னியில் நடந்தால் ஒரு சுற்றுக்கும் அளவு மாறக்கூடாது. பின் சவ்வு பழுதாகிப்போன மைக்குகள் சந்தையில் நிறைய உண்டு. விற்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. குமிழை ஒருநாளும் திருப்பாதவருக்குப் பின் சவ்வு செத்தது தெரிந்திருக்க வழியில்லை. அப்படிப்பட்ட மைக் எவ்வளவு நல்ல வால்வோடு வந்தாலும் ஒரே வடிவ மைக்தான், பேரத்தையும் அந்த விலையிலிருந்தே தொடங்கலாம்.